டிவைஸ் ட்ரீயில் 2 ஜிபி என்று மாற்றியும் லினக்ஸ் 1 ஜிபி காட்டுவது ஏன்?

கேள்வி: ஆர்ம் செயலி உள்ள எங்கள் போர்டில் 1 ஜிபி ரேமை எடுத்துவிட்டு 2 ஜிபி போட்டோம். லினக்ஸின் டிவைஸ் ட்ரீயிலும் (போர்டில் என்னென்ன வன்பொருள் உள்ளது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) மெமரி அளவை மாற்றினேன். யூ-பூட் (லினக்ஸை ஏற்றிக் கிளப்பும் பூட்லோடர்) வழியாக பூட் ஆன பிறகும் 'ஃப்ரீ' கட்டளை 1 ஜிபிக்குக் கீழேதான் காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் மாற்றியது அப்படியே லினக்ஸ் கைக்குப் போவதில்லை. கர்னலைக் கிளப்புவதற்குச் சற்று முன் யூ-பூட் அந்த டிவைஸ் ட்ரீயைத் திறந்து, மெமரி நோடில் (ரேமைப் பற்றிய பகுதி) தொடக்க முகவரியையும் அளவையும் சொல்லும் 'ரெக்' மதிப்பின்மேல் தனக்குத் தெரிந்த அளவை எழுதிவிடும். பெரும்பாலான ஆர்ம் போர்டுகளில் இதுதான் வழக்கம். எனவே யூ-பூட்டுக்கு 1 ஜிபி என்று யார் சொன்னது என்பதைத்தான் தேட வேண்டும்.

பூட்டை இடையில் நிறுத்தி 'பிடிஇன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு டிராம் பேங்கும் (ரேமின் ஒரு தொடர்ச்சியான பகுதி) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பெரியது என்று வரும். அங்கே 2 ஜிபி இருந்தால் சிக்கல் கர்னல் பக்கம்; பூட் ஆர்கியுமென்ட்டில் ரேம் அளவைக் கட்டுப்படுத்தும் பழைய 'மெம்=' ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். 1 ஜிபி என்றால் போர்டு கோடில், யூ-பூட்டுக்கு ரேம் அளவைச் சொல்லும் 'டிராம்_இனிட்' என்ற ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள்.

அது டிவைஸ் ட்ரீயிலிருந்து அளவை எடுத்தாலும், எடுப்பது யூ-பூட்டின் சொந்த டிவைஸ் ட்ரீயிலிருந்து. நீங்கள் திருத்திய கோப்பிலிருந்து அல்ல. க்யூஈஎம்யூ என்ற எமுலேட்டரின் 'விர்ட்' என்ற கற்பனை போர்டு இதற்கு நல்ல உதாரணம். நாம் கேட்ட ரேம் அளவை க்யூஈஎம்யூவே ஒரு டிவைஸ் ட்ரீயில் எழுதித் தருகிறது, யூ-பூட் அதைப் படித்துக்கொள்கிறது. இந்த வழியில் மொத்த ரேம் அளவாக எடுக்கப்படுவது முதல் பேங்கின் அளவு மட்டும். எல்லா பேங்குகளின் விவரமும் அடுத்த கட்டத்தில்தான் நிரப்பப்படும்.

'ரெக்' எழுதும்போது செல் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். ஒரு செல் 32 பிட். முகவரிக்கு இரண்டு, அளவுக்கு இரண்டு என்று ரூட் நோடில் சொல்லியிருந்தால், ஹெக்ஸில் 40000000-இல் தொடங்கும் 2 ஜிபியை '0, 40000000, 0, 80000000' என்று நான்கு எண்களாக எழுத வேண்டும். நாளை 4 ஜிபி போட்டால் கடைசி இரண்டும் '1, 0' ஆகும். அந்த அளவு ஒரு செல்லில் அடங்காது.

சில போர்டுகள் டிவைஸ் ட்ரீயைப் பார்ப்பதே இல்லை. ராஸ்பெரி பையில் யூ-பூட் ஃபர்ம்வேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ராக்சிப் சிப்களில், ரேமைத் தயார்செய்யும் முதல் கட்ட கோடு விட்டுச்சென்ற பதிவேட்டு மதிப்பிலிருந்து கணக்கிடுகிறது.

அப்புறம், இதைவிட முக்கியமான ஒன்று. டிவைஸ் ட்ரீ வெறும் அறிவிப்புதான். புதிய சிப்பின் வரிசை (row), நெடுவரிசை (column) முகவரி பிட் எண்ணிக்கைக்கு ஏற்ப டிராம் கன்ட்ரோலர் அமைப்பையும் மாற்றினீர்களா? அதை மாற்றாமல் 2 ஜிபி என்று மட்டும் அறிவித்தால் ஆபத்து. யூ-பூட் தன்னை ரேமின் மேல்முனைக்கு நகர்த்திக்கொள்ளும். இல்லாத இடத்துக்கு நகர்ந்தால் 'டிராம்' வரியோடு நின்றுவிடும். மேல் முகவரி சுற்றிவந்து கீழ் முகவரியிலேயே விழுந்தால் இன்னும் மோசம்: பூட் ஆகும், பிறகு எப்போதாவது காரணம் தெரியாமல் விழும்.

1 ஜிபி, 2 ஜிபி இரண்டு வகையும் தயாரிக்கப் போகிறீர்கள் என்றால் அளவைக் கையால் எழுதவே வேண்டாம். 'டிராம்_இனிட்'டில் 'கெட்_ரேம்_சைஸ்' ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அதிகபட்ச அளவுக்குக் கன்ட்ரோலரை அமைத்துவிட்டால், அது இருமடங்காகும் முகவரிகளில் எழுதித் திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும்.