இருபது பேருக்கு கேஜன் கடலுணவு பாஸ்தா

கேள்வி: ஆண்டிறுதி விடுமுறையில் உறவினர் இருபது பேர் வீட்டுக்கு வருகிறார்கள். மற்ற பதார்த்தங்களுடன் கேஜன் கடலுணவு பாஸ்தா கேசரோலும் செய்ய எண்ணியுள்ளேன். சென்ற முறை இறால் ரப்பர்போல் இறுகி, பாஸ்தாவும் வறண்டுவிட்டது. காலையிலேயே செய்து வைத்துவிடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஏற்கெனவே வதக்கிய இறால் ஓவனில் மறுபடியும் வெந்தால் இறுகத்தான் செய்யும். ஆகவே உரித்த பச்சை இறாலையும் கொடுவா மீன் துண்டுகளையும் கொதிக்கும் குழம்பில் கலந்து, உடனே தட்டில் ஊற்றி ஓவனில் வையுங்கள். பாஸ்தாவைப் பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிட்டால், மீதி வேக்காட்டுக்குக் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் குழம்பு, இது நீர்த்துவிட்டதோ என்று நீங்கள் ஐயுறும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

1 கிலோ பென்னே பாஸ்தாவுக்கு, தேக்காச் சந்தையில் தலையுடன் வாங்கிய 1.5 கிலோ இறாலும் அரை கிலோ மீனும் போதும். இறால் தலையையும் ஓட்டையும் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். அவற்றை 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்த சாறுதான் இந்த உணவின் உயிர். 1755 முதல் பிரிட்டிஷாரால் இன்றைய கிழக்குக் கனடாவில் இருந்த அகேடியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, இன்றைய அமெரிக்காவின் லூயிசியானாவில் குடியேறிய பிரெஞ்சு மொழியினரின் வழிவந்த கேஜன் மக்கள், வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் சமையலின் அடித்தளமாகக் கொள்கிறார்கள். இம்மூன்றையும் 125 கிராம் வெண்ணெயில் நிதானமாக வதக்கி, அதே அளவு மைதா சேர்த்துக் கிளறி, 1.5 லிட்டர் சாற்றையும் 1 லிட்டர் பாலையும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கடையில் விற்கும் கேஜன் மசாலாவில் பெரும்பாலும் உப்பு இருக்கும்; சீஸிலும் உண்டு. சுவைத்துப் பார்த்த பிறகே உப்பிடுங்கள்.

இரண்டு பெரிய தட்டுகளில் பரப்பி, செடார் சீஸ் தூவி, 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வைத்தால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஓவன் சிறியதென்றால் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டாம் தட்டை அதன் முறை வரும்போதே கலக்குங்கள்.

காலையில் முழுவதும் செய்து வைக்க வேண்டாம். குழம்பை மட்டும் முதல் நாளே காய்ச்சி, விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெந்த உணவை நம் வெக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள்.

விருந்தினரில் எவருக்கேனும் இறால் ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். உண்டென்றால் அவர் பங்கிலிருந்து இறாலைப் பொறுக்கி எடுப்பது போதாது. குழம்பிலேயே இறால் சாறு இருக்கிறது. அவருக்குக் கோழிச்சாற்றில் தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிக் கரண்டியால் பரிமாறுங்கள்.