டைமிங் பெல்ட்: பார்க்க நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: 2014 மாடல் ரெனோ டஸ்டர் டீசல் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸ் ரெக்கார்டு எதுவும் கிடைக்கவில்லை. கவரைத் திறந்து பார்த்த மெக்கானிக், "டைமிங் பெல்ட்டில் விரிசலே இல்லை, இன்னும் ஓடும்" என்கிறார். மாற்றியே ஆக வேண்டுமா? பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். அதுவரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். டைமிங் பெல்ட் என்பது, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் பெல்ட். அதன் பலம் கண்ணுக்குத் தெரியும் ரப்பரில் இல்லை, அதற்குள் ஓடும் கண்ணாடி இழைகளில் இருக்கிறது. அந்த இழைகள் தளர்ந்துபோனாலும் மேலே கறுப்பாக, வழவழப்பாகத்தான் தெரியும். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். அதனால்தான் மேனுவலில் கிலோமீட்டர், வருடம் இரண்டையும் கொடுத்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

உங்கள் வண்டியில் இருப்பது கே9கே 1.5 டீசல் இன்ஜின். நிசான் டெரானோ டீசலிலும் இதுதான். இதில் பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் இன்னும் சில சுற்று ஓடும். திறந்தபடி நிற்கும் வால்வுகளை பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடும். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றித்தான் வேலை. பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். ஓட்டத்தில் இன்ஜின் திடீரென்று நின்று, செல்ஃப் அடிக்கும்போது வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதென்றால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கும் அதே 92,000 கி.மீ. ஓடியதுதான். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்டே சுற்றுகிறது. பம்ப் நாளை இறுகினாலோ கூலன்ட் கசிந்தாலோ, புது பெல்ட்டும் சேர்ந்து போகும். அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், புது கிராங்க் புல்லி போல்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் விட்டுவிடாதீர்கள். அது நைந்து பிரிந்தால், நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டைத் தள்ளிவிடும். கேம், கிராங்க் சீல்களில் ஆயில் கசிந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் பட்ட பெல்ட் நாள் தாங்காது.

வேலையைக் கொடுக்கும் முன் ஒரே கேள்வி: "கிராங்க், கேம் இரண்டையும் அசையாமல் பூட்டும் லாக் பின்கள் இருக்கின்றனவா?" பெயின்ட்டில் குறி வைத்து மாற்றுகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள். பழைய பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், அந்தக் குறி அதே பிழையைத்தான் காட்டும். மாட்டிய பின் கிராங்கைக் கையால், அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தடையில்லாமல் நுழைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே ஸ்டார்ட் செய்யலாம். வலப்பக்க இன்ஜின் மவுன்ட்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

பில்லில் பார்ட் நம்பர், தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருக்கட்டும். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. இரண்டுக்கும் கையில் பில் வேண்டும்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் 1.3 டீசலுக்கும் இது பொருந்துமா?

பதில்: உங்கள் வண்டியில் டைமிங் செயின். பெல்ட் போல அதை நாள் பார்த்து மாற்றுவதில்லை. ஆனால் செயினுக்கு உயிர் இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றத் தாமதித்தால் செயின் தேய்ந்து நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினின் டைமிங் பக்கத்தில் கடகடவென்று சத்தம் கேட்டால் உடனே காட்டுங்கள்.