கதவு வைத்த மைதானம்

கேள்வி: எங்கள் நகரத்தில் பெரிய விளையாட்டு மைதானம் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். உலகத்தரத்தில் ஒரு மைதானம் வந்தால் நகரம் வளரத்தானே செய்யும்? ஆசிரியர் யார் பக்கம்?

பதில்: இரண்டு முறை ‘மைதானம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டப்போவது மைதானம் இல்லை, அரங்கம். மைதானம் பாரசீகத்திலிருந்து வந்த சொல். வெட்டவெளி என்று பொருள். வெட்டவெளியைக் கட்ட முடியாது, கட்டாமல் விட்டுவைக்கத்தான் முடியும். அதற்குக் கதவு இல்லை, டிக்கெட் இல்லை. இரண்டு பக்கமும் செருப்பைக் கழற்றி வைத்தால் கோல் போஸ்ட் தயார். அரங்கத்தில் இருபத்திரண்டு பேர் ஆடுவார்கள், நாற்பதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேரை மாற்றிச் சொல்லி நம் கையெழுத்தை வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் முதல் கோபம்.

இரண்டாவது கோபம் பழையது. ‘உலகத்தரம்’ என்ற சொல்லோடு இந்தப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறேன். எந்த உலகம்? கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்கு உலகமே வியந்த அரங்கம் கட்டியது. வட்ட வடிவம் என்பதால் ஊர்க்காரர்கள் ஆங்கில எழுத்தை வைத்துப் ‘பெரிய ஓ’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். கடன்பட்டிருப்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கும் அதே உச்சரிப்பு. எழுத்தைக் கொஞ்சம் மாற்றியதும் செல்லப்பெயர் ‘பெரிய கடன்’ ஆகிவிட்டது. கடன் அடைந்தது 2006இல். அங்கே ஆடிய பேஸ்பால் அணி அதற்கு இரண்டு வருடம் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டது. அதே 1976இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் திறந்த கிங்டோம் அரங்கத்தின் கதை இன்னும் வேதனை. 2000இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடன் 2015 வரை உயிரோடு இருந்தது. இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருடம் பணம் கட்டியிருக்கிறார்கள்.

வேலை வருமே, வியாபாரம் பெருகுமே என்பீர்கள். ராஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1997இலேயே இதை அலசிவிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த புதிய அரங்கங்களில் ஒன்றுகூடப் போட்ட பணத்துக்கு நியாயமான வருமானம் தரவில்லை. காரணம் நம் வீட்டுக் கணக்கேதான். மாதத்தில் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் ஏறுவதில்லை. அரங்கத்துக்குப் போனால் அன்று சினிமாவுக்குப் போகமாட்டோம். ஊருக்குள்ளேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறுகிறது. அதிலும் பெரும்பங்கு வீரர்களின் சம்பளமாக ஊரைத் தாண்டிவிடுகிறது.

பார்சிலோனாவைக் காட்டுபவர்கள் உண்டு. 1992 ஒலிம்பிக்கால் அந்த நகரம் மாறியது உண்மை. ஆனால் பணத்தில் பெரும்பகுதி சுற்றுச்சாலைகளுக்கும், தொழிற்சாலைகளும் ரயில் தண்டவாளமும் அடைத்துக்கொண்டிருந்த கடற்கரையை மக்களுக்குத் திறந்துவிடவும் போனது. அதாவது, அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மைதானம்!

‘அரங்கு’ என்ற சொல் வள்ளுவரிடமும் இருக்கிறது. கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளே “அரங்கின்றி வட்டாடியற்றே” என்றுதான் தொடங்கும். வட்டு உருட்டி ஆடத் தரையில் கிழித்துக்கொள்ளும் கட்டம்தான் அங்கே அரங்கு. ஒரு கரித்துண்டும் நாலு முழ இடமும் போதும். அதே அதிகாரத்தின் ஆறாவது குறளில் ‘களர்’ வருகிறது. ஒன்றும் விளையாத நிலம். ஆள் இறங்கி ஆடினால் களம், ஆடாவிட்டால் களர் என்று நான் இதைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இலக்கணக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பிரேசிலில் அமேசான் காட்டு நடுவே மனாவுஸ் நகரில் 2014 கால்பந்து உலகக் கோப்பைக்கு அரங்கம் எழுப்பினார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நாலே ஆட்டம். அப்புறம் அதை நிரப்பும் அளவுக்கு அந்த ஊரில் பெரிய அணி இல்லை.

சொந்த அணி ஜெயித்த இரவில் முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது பொய்யில்லை. அதற்காகச் செலவழிக்கிறோம் என்று ஒரு நகரம் முடிவெடுத்தால் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ‘வளர்ச்சி’ என்று பொய்க்கணக்கு எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் திடலின் பக்கம். திட்டக் கூட்டத்துக்கு நீங்கள் போவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வருடத்தில் எத்தனை நாள் கதவு திறந்திருக்கும்? ஆட்டமில்லாத நாளில் பத்து வயதுப் பெண் ஒருத்தி பந்தோடு வந்து நின்றால் காவலாளி உள்ளே விடுவாரா? அணி ஊரைவிட்டுப் போனால் மீதிக் கடனை யார் கட்டுவது? பதிலை எழுத்தில் வாங்கி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு வரி குறைக்காமல் போடுகிறேன்.