சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்களா? அடுத்து செய்ய வேண்டியது

கேள்வி: எங்கள் ஊர் சலூனில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முடி வெட்டுவதில்லை. போன வாரம் என் தம்பி மகன் போய்க் கேட்டதற்கு, கடைவாசலில் எல்லாரும் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி விரட்டினார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம், அதுக்குள்ள ஊர்ல பேசித் தீர்த்துக்கோங்க" என்றார்கள். நாங்கள் ஆதிதிராவிடர். இனி என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த ரசீது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டதற்கான சாட்சி, அவ்வளவுதான். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு.

"விசாரித்துவிட்டுப் போடுகிறோம்" என்று சொல்ல இந்த விஷயத்தில் போலீசாருக்கு இடமில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம், எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்குகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று ஒரு தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்து, ஆரம்ப விசாரணை தேவையில்லை என்று தெளிவாக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்றது. இப்போது சில அதிகாரிகள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173(3) பிரிவைக் காட்டுகிறார்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்கிறது அது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் சிறப்புச் சட்டம். மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. 18ஏ, 20 என்ற இந்த இரண்டு பிரிவு எண்களையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள், பேச்சு சுருங்கும்.

அடுத்தது மனுவின் வாசகம். பெரும்பாலான வழக்குகள் பலவீனமாவது இங்கேதான். "தரக்குறைவாகப் பேசினார்கள்" என்று எழுதினால் போதாது. சொன்ன வார்த்தைகளை, கூசினாலும், அப்படியே எழுதுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவில் குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் கடைவாசல் என்பது பெரிய பலம். யார் யார் நின்றார்கள் என்று பெயரோடு எழுதுங்கள், வீடியோ இருந்தால் எடுத்த போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். கடைக்குள் வரவிடாமல் தடுத்தது 3(1)(இஸட்ஏ) பிரிவில் தனிக் குற்றம். அதையும் தனிப் பத்தியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை (பி.சி.ஆர்.) மட்டும் போட்டு முடித்துவிடும் ஆபத்து உண்டு. ஊரில் எல்லாவற்றையும் பி.சி.ஆர். கேஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் தண்டனை ஒன்றல்ல. 1955 சட்டத்தில் சேவை மறுத்தால் ஒன்று முதல் ஆறு மாதம். வன்கொடுமைச் சட்டத்தின் இந்தப் பிரிவுகளில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு, முன்ஜாமீனுக்கும் தடை உண்டு.

சலூன்காரரை மட்டும் குற்றம் சாட்டி நிறுத்திவிடாதீர்கள். பல ஊர்களில் அவரும் எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்காரர். "அவங்களுக்கு வெட்டினா நாங்க யாரும் வரமாட்டோம்" என்ற மிரட்டலுக்குப் பயந்து கத்தரியைக் கீழே வைப்பவர்தான். அவர் செய்வது குற்றம்தான். ஆனாலும் அந்த உத்தரவைப் போட்டவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் பெயரும் மனுவில் இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்? அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். நகலை இணையுங்கள், ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். வன்கொடுமைச் சட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே கொடுப்பார்கள். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவில் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. நடைமுறையில் அரிதாகத்தான் பாய்கிறது, இருந்தாலும் எஸ்.பி.க்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் வேலை வேகமாகும்.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்: டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பது, 60 நாளில் குற்றப்பத்திரிகை, நிவாரணத் தொகை. மத்திய விதிகளின்படி இந்தக் குற்றங்களுக்கு நிவாரணம் 1 லட்சம் ரூபாய். அதில் கால் பங்கு எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே வர வேண்டும். எதிர்த்தரப்பு ஜாமீன் கேட்டால் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். 15ஏ பிரிவு தரும் உரிமை அது.

ஊர்ப் பேச்சுக்கு வருவோம். பேசுவதில் தப்பில்லை. "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுதான் ஆபத்து. உங்கள் பையன் மேலேயே ஓர் எதிர் வழக்கைப் போட்டு, அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கமும் இருக்கிறது. அப்படி நடந்தால் எதிலும் கையெழுத்துப் போடாமல் வழக்கறிஞரை அழையுங்கள்.

கடைசியாக, பையனின் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று இருந்தால், இன்றைய சட்டப்படி அவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே உண்டு. அநியாயம்தான். அப்படியானால் வேறு பிரிவுகளில்தான் புகார் கொடுக்க முடியும். போவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.