ஏஐ வந்தால் கட்டட ஆய்வு வேலை போய்விடுமா?

கேள்வி: மகன் டிப்ளமோ சிவில் முடித்திருக்கிறான். கட்டட ஆய்வு வேலைக்குப் போக ஆசை. "இனி எல்லாம் ஏஐதான், எங்கள் ஏஐ ஆய்வாளர் படிப்பில் சேர்ந்தால் வேலை உறுதி" என்று ஒருவர் ரூ.60,000 கேட்கிறார். கட்டலாமா? - ஒரு தந்தை, திருச்சி

பதில்: கட்டாதீர்கள். மேசையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை குறையும், அது உண்மை. வரைபடத்தில் செட்பேக் (மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய காலியிடம்), தளப்பரப்பு சரியா என்று மென்பொருள் பார்க்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உயரமான கட்டடத்தின் வெளிச்சுவர் விரிசலையும் ட்ரோன் படத்தை வைத்து ஏஐ குறித்துவிடும்.

ஆனால் கட்டடத்தின் உயிர் கம்பியில் இருக்கிறது. கான்கிரீட் போடுமுன் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும்: தளக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) இருக்கிறதா, தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனை உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா? சில ரிங்குகளின் முனையை உள்ளே மடக்காமல் வெறுமனே 90 டிகிரியில் விட்டிருப்பார்கள். கான்கிரீட் மூடியபின் எந்தக் கேமராவும் அதைக் காட்டாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூடுமுன் படம் எடுத்தால் ஏஐ கம்பியை எண்ணிவிடும், இடைவெளியும் சொல்லிவிடும். சரி, படம் எடுத்தது யார்? எந்தத் தளத்தில்? பக்கத்தில் அளவுகோல் வைத்தார்களா? போன மாதம் வேறு சைட்டில் எடுத்ததை அனுப்பினால்? இதற்கெல்லாம் பொறுப்பேற்க நேரில் நின்ற ஆள் வேண்டும். அதுதான் உங்கள் மகனின் வேலை.

உங்கள் பயம் ஏஐ மேல் இருக்கக் கூடாது, நேரில் பார்க்காமலே கையெழுத்து வாங்கித் தரும் தரகர்கள் மேல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று (விதிப்படி கட்டுகிறேன் என்று விண்ணப்பிப்பவரே தரும் உறுதி) போதும், அனுமதிக்கு முன் யாரும் மனைக்கு வருவதில்லை. மக்கள் அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆய்வையே குறைத்தால் எப்படி? 2014இல் சென்னை மவுலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தும் நமக்கு உறைக்கவில்லை! "சைட்டுக்கு வர வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று நாளை உங்கள் மகனிடமும் வருவார்கள். பணம் எவ்வளவு தந்தாலும் போடக் கூடாது. இடிந்தால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான், தரகர் அல்ல.

இப்போதைக்கு ஒரு நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இரண்டு வருடம் சைட்டில் விடுங்கள். கியூப் டெஸ்ட் (கான்கிரீட் கட்டியை அழுத்தி அதன் வலிமை பார்ப்பது) எடுக்கவும் பூச்சைத் தட்டிப் பார்க்கவும் கற்கட்டும். ஏஐ மென்பொருளை அப்புறம் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொள்ளலாம். படிப்பு விற்பவர் மறுபடி வந்தால், வேலை தரும் நிறுவனத்தின் பெயரோடு உறுதியை எழுத்தில் கேளுங்கள்.