டயல் மாற்றிய பின் மந்தமாகும் ஸ்பீடோ மீற்றர்: கேள்வி பதில்

மீற்றர் போர்ட் வேலையில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வெள்ளை டயல் (முள்ளுக்குப் பின்னால் எண்கள் அச்சிட்ட தாள்) போட்ட கொழும்புக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, கொரொல்லா 110. டயல் மாற்றிய பிறகு முள் 40 வரை ஏற அடம் பிடிக்கிறது, பிறகு ஒரேயடியாக 60க்குப் பாய்கிறது. வண்டி நின்றாலும் 10இல் தொங்குகிறது. வேகத்தை அளக்கும் சென்சரை மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். மாற்றட்டுமா?

வேண்டாம் தம்பி. முதலில் கிலோமீற்றர் எண்ணைப் பாருங்கள். அது ஒழுங்காக ஏறினால் சென்சர் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. டயல் மாற்றும்வரை ஓடிய முள் மாற்றியதும் மந்தமானால் குற்றம் மாற்றிய இடத்தில்தான். நூற்றுக்குத் தொண்ணூறு, முள்ளை ஆழமாக அழுத்திவிட்டீர்கள், அதன் நடுக் குமிழின் அடி டயலில் உரசுகிறது. கேபிள் இல்லாத இந்த மின் வகை மீற்றரில் முள்ளைத் திருப்புவது இரண்டு சின்னக் கொயில்களின் காந்த விசை மட்டும். கையில் உணர முடியாத உரசலே அதை நிறுத்தப் போதும். தேங்கித் தேங்கிப் பிறகு பாய்வது உரசலின் கையெழுத்து.

போர்டைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, முள்ளைப் பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். குமிழுக்கும் டயலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டயலின் மேல் மெல்லிய அட்டை வைத்து, இரண்டு தேக்கரண்டிகளை எதிரெதிர்ப் பக்கத்தில் குமிழின் அடியில் கொடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அமத்தி நேராக மேலே எழுப்புங்கள். திரும்பப் போடும்போது விசிட்டிங் கார்டில் ஒரு வெட்டு வெட்டி அச்சுக்கு இரு பக்கமும் வருமாறு வையுங்கள், அதில் தட்டும்வரை மட்டும் அமத்தி, கார்டை உருவி எடுங்கள். கார்ட் தடிப்புக்கு இடைவெளி இருந்தால் போதும். டயலின் நடுத்துளையையும் பாருங்கள். மலிவு டயல்களில் துளை ஒரு பக்கம் தள்ளி வெட்டப்பட்டிருக்கும், அச்சே அதில் உரசும். அதற்கு ஊசி அரத்தால் துளையைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும், டயலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு.

குறட்டால் முள்ளைப் பிடித்து இழுக்க வேண்டாம். அச்சு வளையும், அல்லது மேலே வந்துவிடும். உள்ளே முள் துள்ளாமலிருக்கத் தடித்த சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது, அதுவும் வெளியேறிவிடும்.

மருதானையிலிருந்து: மந்தமாக இருந்தது என்று டபிள்யூடி 40 கொஞ்சம் அடித்தேன். ஒரு நாள் நன்றாக ஓடியது, இப்போது முள் ஆடிக்கொண்டே இருக்கிறது.

நானா, மீற்றருக்குள் எண்ணெய் அடிக்கக் கூடாது! நல்லெண்ணெய், தையல் மெசின் எண்ணெய், எதுவுமே கூடாது. இப்போது சொன்ன சிலிக்கோன் எண்ணெயை அது கழுவிவிட்டது, அதனால்தான் ஆட்டம். பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் பழைய மீற்றர் ஒன்று எடுத்து அதிலுள்ள ஸ்பீடோ யூனிட்டை மட்டும் மாற்றுங்கள். கிலோமீற்றர் எண் உங்கள் பழைய சேர்கிட் போர்டிலேயே இருக்கட்டும்.

தெஹிவளையிலிருந்து: காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் காலி வீதியில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஒட்டுகிறது.

நல்ல கேள்வி. பழைய டயலின் மேல் புது டயலை ஒட்டியிருக்கிறீர்கள், சரியா? சூட்டில் மேல் தாள் நடுவில் உப்பி முள்ளைத் தொடுகிறது. நடுத்துளையைச் சுற்றி மெல்லிய இரட்டைப் பக்க டேப் ஒட்டுங்கள், ஆனால் டேப் துளைக்குள் நீட்டக் கூடாது. பசை அச்சில் பட்டால் கதை கந்தல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: முள்ளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஏறுவது மந்தம், இறங்குவது வேகம்.

பெயின்டின் பாரம். முள்ளின் சமநிலை போய்விட்டது. சுரண்டி எடுங்கள்.

வத்தளையிலிருந்து: முள் மெதுவாக ஏறுகிறது, டயல் மாற்றினேன், சென்சரா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: கழற்றும்போது அடையாளம் வைக்கவில்லை. முள்ளை எங்கே வைத்துக் குத்துவது?

அடையாளம் வைத்திருந்தால் வேலை சுலபம்: சாவியைத் திருப்பி, வண்டி நிற்கும்போது முள்ளைத் தடுப்பு ஆணிக்கு மேலால் தூக்கிவிட்டால் அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஒரு டேப் துண்டு. அது இல்லையென்றால் ஓடிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஜீபிஎஸ் பார்க்கட்டும். சமதரையில், ஒரே வேகத்தில். ஜீபிஎஸ் எண் கொஞ்சம் பிந்தித்தான் வரும், வேகம் கூட்டும்போது பார்த்தால் பிழைக்கும்.

தெமட்டகொடையிலிருந்து: இதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுநாயக்க அதிவேக வீதியில் என் மீற்றர் 97 காட்டும்போது ஜீபிஎஸ் 90. ஜப்பான்காரன் மீற்றரே பிழை. ஜீபிஎஸ்ஸுக்குச் சரிசமமாக முள்ளைக் குத்துவதுதான் முறை.

நானா, அது பிழையில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தது. ஐ.நா.வின் 39ஆம் இலக்க விதிப்படி மீற்றர் உண்மை வேகத்தை விடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீற்றரும் வரை. உண்மை 90 என்றால் 103 காட்டினாலும் விதிக்குள்தான். உங்கள் 97 நல்ல பிள்ளை.

தெமட்டகொடை மறுபடியும்: சரியாகக் காட்டும் மீற்றரை விடப் பொய் சொல்லும் மீற்றர் நல்லது என்கிறீர்களா?

ஆம், கூட்டிச் சொல்லும் வரைக்கும். ஜீபிஎஸ்ஸுக்குச் சமமாகக் குத்திவிட்டு, அடுத்த முறை 175/70 ஆர் 13 டயருக்குப் பதில் 185/70 போடுகிறீர்கள் என்று வையுங்கள். சில்லு ஏறக்குறைய இரண்டரை வீதம் பெரிது. முள் 100 காட்டும், நீங்கள் போவது 102க்கு மேல். பொலிசார் உங்கள் முள்ளைப் பார்ப்பதில்லை, அவர்களிடம் இருப்பது ராடார். 60இல் இரண்டு மூன்று கூட்டி வையுங்கள், அவ்வளவுதான்.

ஜா-எலயிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. என்னுடையது கேபிள் மீற்றர், பழைய கொரொல்லா கே.ஈ. 70. ட்ரில் மெசினில் கேபிளைச் சுற்றிச் சரிபார்க்கலாம் என்கிறார்களே?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இருந்தேன். பார்க்கலாம். ஜப்பான் தரப்படி கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60 காட்ட வேண்டும். ட்ரில்லின் சுற்று தெரியாதே என்று யோசிக்க வேண்டாம், கிலோமீற்றர் எண்ணே கணக்குச் சொல்லும். அது பற்சக்கரத்தில் ஓடுவது, முள்ளைப் போல ஸ்பிரிங்கை நம்பியிருப்பதில்லை. ட்ரிப் மீற்றரின் கடைசி இலக்கம், அதாவது நூறு மீற்றரைக் காட்டுவது, 6 செக்கனுக்கு ஒன்று வீதம் மாறும்படி ட்ரில்லைப் பிடியுங்கள், அதுதான் 60. அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுற்றும் திசையைக் கவனியுங்கள், பின்பக்கம் சுற்றினால் முள் பூச்சியத்துக்குக் கீழே அழுத்தும்.

கேபிள் வகையில் முள்ளைத் தூக்குவது காந்தம்: கேபிள் காந்தத்தைச் சுற்றும், அது பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும், மயிர் போன்ற ஸ்பிரிங் ஒன்று எதிர்த்து நிற்கும். டயல் மாற்றும்போது முள்ளைக் குத்துகிற வேகத்தில் அந்தக் கிண்ணம் கீழே போய்க் காந்தத்தில் தட்டுவதும் உண்டு. மந்தத்தோடு கிறீச்சென்ற சத்தமும் வந்தால் அங்கே பாருங்கள். முள் துள்ளினால் மட்டும் கேபிளுக்குக் கிறீஸ் போடலாம், அதுவும் கேபிளுக்கு மட்டும், மீற்றர்ப் பக்க முனையில் ஒரு சாண் காய்ந்தபடி விட்டுவிட்டு. அதையும் நனைத்தால் சுற்றச் சுற்றக் கிறீஸ் மீற்றருக்குள் ஏறிவிடும். மீற்றருக்குள் எண்ணெய், கிறீஸ் எதுவும் கூடாது என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது?

மட்டக்குளியிலிருந்து: பெற்றோல் முள் சாவியை எடுத்தாலும் கீழே விழுவதில்லை. அதுவும் டயல் குற்றமா?

இல்லை. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அது அப்படித்தான்.

வத்தளையிலிருந்து வேறொருவர்: முள் மந்தம், எண்ணெய் விடலாமா?

ஐயோ.

பெயர் போடாதவர்: போர்டைக் கழற்றுகிற கையோடு கிலோமீற்றரைக் குறைக்க முடியுமா? விற்கப் போகிறேன்.

முடியாது. வாங்குகிறவர் என்னிடம்தான் கேட்க வருவார்.

கிராண்ட்பாஸிலிருந்து: பழைய யூனிட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது அண்ணா?

கேபிள் வகையென்றால் பின்னாலுள்ள சதுரத் துளையில் ஒரு கேபிள் துண்டைச் செருகி விரலால் சடாரென்று சுழற்றுங்கள். முள் எகிறி உடனே பூச்சியத்துக்கு விழ வேண்டும், நடுவில் எங்கேயும் தேங்கக் கூடாது. மின் வகையில் யூனிட்டைக் கையில் வைத்து மெதுவாகச் சரியுங்கள். முள் எண்ணெயில் நகர்வது போல் ஒரே சீராக வந்தால் எடுக்கலாம், தடதடவென்று ஆடினால் எண்ணெய் போனது. கண்ணாடியைத் திறக்க விடாத கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.