கப்பலேறும் புல்லட்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவிக்கும் கிளியரிங் வேலை பார்ப்பவன் நான். வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் அண்டா குண்டாவைப் பற்றிக் கேட்பதைவிட பைக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

2019 மாடல் புல்லட் 350. மனைவிக்கு இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸ் வேலை. மூன்று மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். வண்டியையும் கொண்டுபோக முடியுமா? (மதுரை)

முடியும். ஆனால் வண்டிக்கு மரப்பெட்டி அடிக்க ஆள் தேடுவதற்கு முன்னால் பிரிட்டிஷ் வரித்துறையிடம் குடிபெயர்வோர் சலுகைக்கு விண்ணப்பம் போடுங்கள். ‘டி.ஓ.ஆர். 1’ என்று பெயர், ஆன்லைனிலேயே போடலாம். நீங்கள் குறைந்தது 12 மாதம் அந்த நாட்டுக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும். வண்டி 6 மாதமாவது உங்கள் கையில் ஓடியிருக்க வேண்டும். இரண்டுமே உங்களுக்குப் பொருந்துகிறது. சலுகை கிடைத்தால் சுங்க வரியும் இல்லை, 20 சதவீத வாட் வரியும் இல்லை. பதிலுக்கு, போய் இறங்கி 12 மாதத்துக்கு வண்டியை விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது.

வண்டி அங்கே இறங்கி 14 நாளுக்குள் ‘நோவா’ என்ற அறிவிப்பை வரித்துறைக்குத் தந்தாக வேண்டும். வரி கட்ட வேண்டியதில்லை என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். நோவா முடியாத வண்டியை அங்கே வண்டிப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. பதிவு செய்யாது.

அடுத்து, உங்கள் வண்டிக்கு 10 வயது ஆகாததால் எம்.எஸ்.வி.ஏ. என்ற தனி வண்டிச் சோதனை உண்டு. நம் ஊர் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஹெட்லைட்டில் தொல்லை இல்லை. ஸ்பீடோமீட்டர்தான் மைல் கணக்கில் காட்ட வேண்டும். சாரி கார்டு, பின்னால் உட்காரும் பெண்களுக்கான பக்கவாட்டு ஃபுட்ரெஸ்ட், கடையில் வாங்கி மாட்டிய கிராஷ் கார்டு எல்லாவற்றையும் இங்கேயே கழற்றிவிடுங்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கூர்முனைகளைச் சோதனையாளர் தடவிப் பார்ப்பார். சாரி கார்டு எதற்கு என்று அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சோதனையில் தேறிய பிறகு பதிவுக்கான வி55/5 படிவம். பதிவுக் கட்டணம் 55 பவுண்டு. நம்பர் வருவதற்கு முன்பே சேஸிஸ் நம்பரை வைத்து இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். உங்கள் இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதன் பிறகு அவர்கள் தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டி, புதிதாக வாங்க வேண்டும்.

செலவை நினைத்தால் விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவதுதான் லாபம். மனசு கேட்கவில்லை என்றால் அனுப்புங்கள், அது வேறு கணக்கு.

ஹிமாலயன் 411 வாங்கி நாலு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் மியூனிக்கில் வேலையில் சேர்கிறேன். (கோவை)

இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் குடிபெயர்வோர் சலுகைக்கு 6 மாதம் பழைய ஊரில் ஓட்டியிருக்க வேண்டும். இப்போதே கிளம்பினால் வரி கட்டித்தான் ஆக வேண்டும். கணக்கைப் பாருங்கள்: வண்டி 2,000 யூரோ, கப்பல் செலவு 800 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 250 சிசிக்கு மேல் என்பதால் சுங்கம் 6 சதவீதம், அதாவது 168 யூரோ. அந்த 2,968 யூரோவின் மேல் 19 சதவீத இறக்குமதி வாட், ஏறக்குறைய 564. மொத்தம் 732 யூரோ.

பணத்தைவிடப் பெரிய தலைவலி காகிதம். ஜெர்மனி ஷோரூமில் நிற்கும் ராயல் என்ஃபீல்டும் உங்களுடையதும் நம் ஊர்த் தொழிற்சாலையில் பிறந்தவைதான். ஆனால் ஏற்றுமதிக்குப் போன வண்டியோடு ஐரோப்பிய ஒப்புதல் சான்றிதழ் ஒன்று போயிருக்கும். கோவையில் விற்ற வண்டிக்கு அது கிடையாது. அதனால் பரிசோதனை நிலையத்தில் வண்டியை முழுசாகச் சோதித்து தனி அறிக்கை வாங்க வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சுங்கம் முடிந்ததும் அவர்கள் தரும் சான்றிதழின் பெயர் ‘ட்சோல்உன்பெடென்க்லிஷ்கைட்ஸ்பெஷைனிகுங்’. ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள், பதிவு அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

2022 மாடல் வண்டியை டொரன்டோவுக்குக் கொண்டுபோக வேண்டும். (யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் இருப்பவர்)

வேண்டாம். அமெரிக்கா தவிர்த்த நாடுகளிலிருந்து வரும் வண்டி கனடாவின் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 15 வயது தாண்டியிருக்க வேண்டும். இந்தியச் சந்தைக்குச் செய்த உங்கள் வண்டி இரண்டிலும் சேராது. விற்றுவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்து இங்கே வண்டி வாங்கினால் பயன்படும்.

அமெரிக்கா பற்றிக் கேட்ட இன்னும் இருவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: அங்கே பாதுகாப்பு விதியிலிருந்து விலக்குக் கிடைக்க வண்டிக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும்.

அப்பாவின் 1986 புல்லட். அவர் போன வருடம் தவறிவிட்டார். நான் மெல்போர்னில் நிரந்தரக் குடியுரிமையோடு இருக்கிறேன். அதை இங்கே கொண்டுவர ஆசை. (கும்பகோணம்)

வந்த கேள்விகளில் ‘கட்டாயம் கொண்டுபோங்கள்’ என்று நான் மனசாரச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். 25 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு ஆஸ்திரேலியா தனி வழி வைத்திருக்கிறது.

முதலில் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்.டி.ஓ.விடம் படிவம் 31. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அதைச் சரி செய்வதுதான் முதல் வேலை. பிறகு வண்டியை ஏற்றுமதி செய்யப்போவதாக ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்று என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) அறிக்கை. சொந்த உபயோகத்துக்கு அனுப்புவதால் ஏற்றுமதியாளர் எண் எடுக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் இறக்குமதி அனுமதி கைக்கு வரும் முன் வண்டியை ஏற்றாதீர்கள். அனுமதி இல்லாமல் போய் இறங்கினால் சுங்கத்தில் முடங்கும், நாளுக்கு நாள் வாடகை ஏறும்.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். 2003 கடைசியிலிருந்து அந்த நாட்டில் அதற்கு முழுத் தடை. அந்தக் காலத்து பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், சைலன்சர் கேஸ்கெட் எல்லாவற்றிலும் அது இருக்க வாய்ப்புண்டு. மூன்றையும் மாற்றி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பொருள் என்று எழுதிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். மெக்கானிக் பழக்கதோஷத்தில் பிரேக் டிரம்மை ஏர் அடித்து ஊதுவார், விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கடைசியாக மண். வெளிநாட்டு மண் ஒட்டிய வண்டியை அங்கே உள்ளே விடமாட்டார்கள். மட்கார்டின் உள்பக்கம், செயின் கவரின் அடி, சென்டர் ஸ்டாண்டின் மூட்டு, டயர் வெட்டுகள். காவிரிக்கரை வண்டல் அங்கெல்லாம் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். வாட்டர் சர்வீஸ் மட்டும் போதாது. மட்கார்டைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்போர்னில் அதிகாரியும் டார்ச்சோடுதான் வருவார்.

வலப்பக்க கியரை மட்டும் யார் பேச்சையும் கேட்டு இடப்பக்கம் மாற்றிவிடாதீர்கள். அப்பா ஓட்டிய வண்டி அப்படியே இருக்கட்டும்.

துபாயில் ஓட்டும் 1000 சிசி வண்டியைத் திருச்சிக்கு எடுத்துவர முடியுமா? வீட்டுச் சாமான்களோடு வருவதால் வரி இல்லை என்கிறார்கள்.

சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். நம் சுங்கச் சட்டத்தில் ‘பேக்கேஜ்’ என்பதன் விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் சேராது என்று இருக்கிறது. பழைய வண்டி என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், மும்பை வழியாக மட்டுமே வர வேண்டும். வரியும் கடுமையாக இருக்கும். துபாயிலேயே விற்றுவிடுங்கள்.

பெட்டி அடிப்பதில் என்ன கவனிக்க வேண்டும்? (தூத்துக்குடி)

டேங்க் காலியாக இருக்க வேண்டும். ரிசர்வில் கிடப்பதையும் கார்புரேட்டரில் தங்கியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேட்டரி முனைகளைக் கழற்றி டேப் சுற்றுங்கள். கப்பல் விதிகளில் வண்டி என்பது யு.என். 3166, ஆபத்தான சரக்கில் ஒன்பதாம் வகுப்பு. பெட்ரோல் வாடை வந்தால் பெட்டி கன்டெய்னர் கிடங்கைத் தாண்டாது.

மரத்தில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பூச்சி சாக மரத்தின் உள்நடு வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கான அடையாளம் அது, கோதுமைக்கதிர் படத்தோடு இருக்கும். ஒருமுறை ஒரு பட்டறை எனக்கு முத்திரைப் பலகை ஒன்றை மட்டும் முன்பக்கம் அறைந்து, மிச்சத்துக்கெல்லாம் பழைய பழப்பெட்டிப் பலகையைப் போட்டுக் கொடுத்தது. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெட்டியைக் கிடங்கிலேயே பிரித்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. கப்பல் போய்விட்டது.

கூலி கன மீட்டர் கணக்கில். வண்டியை அப்படியே நிறுத்தி அடித்தால் 2.2 × 0.8 × 1.2 மீட்டர், இரண்டு கன மீட்டருக்கு மேல். முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றினால் 1.9 × 0.6 × 1.1 அளவுக்கு வரும், ஒன்றேகால் கன மீட்டர். அரை நாள் வேலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். போய்ச் சேரும் துறைமுகத்தின் செலவுகளையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கடல் கூலியைக் குறைத்துச் சொல்லி அங்கே கறந்துவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யைப் பார்த்து எழுதாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வது போல வண்டியின் மேல் தாள் ஒட்டி பென்சில் பிரிண்ட் எடுங்கள். 8-ஐ ‘பி’ என்று படித்து, சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லைத் திருத்த அலைந்தவன் நான். 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்று, பூஜ்யம்தான்.

வண்டிக்கு லோன் பாக்கி இருக்கிறது. அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாமா? (சேலம்)

முடியாது. லோனை அடைத்து, வங்கியிடம் என்.ஓ.சி.யும் லோன் முடிந்ததற்கான படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சாவியைப் பெட்டிக்குள் வைக்கலாமா?

ஒன்றை ஆவணக் கவரோடு அங்கே கிளியரிங் செய்பவருக்கு அனுப்புங்கள், இன்னொன்று உங்கள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வேண்டாம்.